வாசகர் கேள்வி பதில்: மொழிபெயர்த்துப் படித்தால் மொழி வருமா?

வேற்று மொழி படிப்பதற்கு மொழிபெயர்ப்பு உதவுமா என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சுருக்கி ஒன்றாக்கியிருக்கிறோம். பிறமொழிச் சொற்களை அச்சு வசதிக்காகத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். நீங்கள் அப்படி எழுதிப் படிக்கக் கூடாது. ஏன் என்பது உள்ளே ஒரு பதிலில் இருக்கிறது.

கேள்வி: அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்காகப் பத்திரிகைச் செய்திகளை வரிவரியாகத் தமிழில் எழுதிப் படிக்கிறேன். வகுப்பு எடுப்பவரோ, மொழிபெயர்த்தால் மொழி வராது, சிங்களத்தைச் சிங்களத்தாலேயே படியுங்கள் என்கிறார். நான் செய்வது வீணா?
வாசகி, வெள்ளவத்தை

வீண் இல்லை. பாதி வேலை, அவ்வளவுதான். சிங்களத்திலிருந்து தமிழுக்கு வருகிறீர்கள், திரும்பிப் போவதில்லை. தமிழாக்கும்போது நீங்கள் எழுதுவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியை. பொருள் விளங்கியதா இல்லையா என்பதை அது காட்டும். சிங்கள வசனம் ஒன்றை நீங்களாகக் கட்டும் பழக்கத்தை அது தராது.

உங்கள் ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலக்கண விதியை ஒப்புவித்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத வசனங்களை மொழிபெயர்த்தே காலம் போக்கிய மாணவர்கள் கடைசியில் வாய் திறக்க முடியாமல் நின்றார்கள். அதை எதிர்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் நேர்முறை வந்தது. ஆனால் வளர்ந்த ஒருவரின் மூளை, வேண்டாம் என்றாலும் உள்ளுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேதான் இருக்கும். அதை ஒளித்துச் செய்வதைவிட ஒழுங்காகச் செய்வது மேல்.

ஒழுங்காகச் செய்யும் வழி மிகப் பழையது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம் அதை எழுதிவைத்தார். அவர் இறந்த பிறகு, 1570இல் அச்சாயிற்று. மாணவன் லத்தீன் பாடத்தை ஆங்கிலமாக்க வேண்டும். ஆசிரியர் லத்தீன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வார். குறைந்தது ஒரு மணிநேரம் கழித்து, மாணவன் தன் ஆங்கிலத்தை வேறொரு கொப்பியில் மறுபடி லத்தீனாக்க வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தத் திரும்பும் பயணத்தில்தான் படிப்பு நடக்கிறது.

உங்களுக்கு ஏற்றபடி சொன்னால் இப்படி. 80 முதல் 120 சொற்கள் உள்ள ஒரு பத்தியை எடுங்கள். முழுச் செய்தி வேண்டாம். தெரியாத சொல் 100க்கு ஐந்து அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பத்தியை மாற்றுங்கள். அகராதி புரட்டுவதே வேலையாகிவிடும். உதவியில்லாமல் இலகுவாக வாசிக்க 100க்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. பயிற்சிக்கு அதைவிடச் சற்றுக் கடினமாக இருக்கலாம், மிகக் கடினமாக இருக்கக் கூடாது.

அகராதி தொடாமல் இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள். தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பொருள் என்னவாக இருக்கும் என்று ஓரத்தில் ஊகித்து எழுதுங்கள். அதன் பிறகுதான் அகராதி. அடுத்து சீ.ஆர். கொப்பி ஒன்றின் வலப்பக்கத்தில் தமிழாக்கத்தை எழுதுங்கள். தமிழ் அழகாக இருக்க வேண்டியதில்லை. மூலத்தின் ஒவ்வொரு உறுப்பும் அதில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பிறகு கொப்பியை மூடிவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். ஆஸ்கம் சொன்ன ஒரு மணிநேரம் போதாது. அந்த நேரத்தில் மூல வசனம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதுவது நினைவில் உள்ளதன் பிரதியாகிவிடும். ஒரு வாரம் கழிந்தாலோ சொற்களே மறந்துபோய்ச் சலிப்பு வரும். நாள் ஆனதும் மூலத்தை மூடிவைத்து, உங்கள் தமிழைப் பார்த்து இடப்பக்கத்தில் சிங்களத்தில் எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் திருத்த இடம் இருக்கும்.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்காதீர்கள். வேறுபாடுகள் மூன்று வகை. சொல் தெரியாமல் விட்டது. சொல் சரியாக இருந்தும் விகுதியோ வேற்றுமையோ பிசகியது. மூலத்தில் இல்லாவிட்டாலும் சரியான இன்னொரு சிங்கள வசனம். மூன்றாவது பிழையே அல்ல. சந்தேகம் இருந்தால் சிங்களம் பேசும் சக ஊழியர் ஒருவரிடம் அந்த ஒரு வசனத்தை மட்டும் காட்டுங்கள். முதலாவது காலப்போக்கில் தானே தீரும். இரண்டாவது வகைதான் தங்கம். அவற்றை மட்டும் தனிக் கொப்பியில் எழுதுங்கள்.

தமிழர் சிங்களம் எழுதும்போது அந்தக் கொப்பியில் என்ன சேரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ‘பொத’ என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகம், ‘பொதக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘மேசெ உட பொதக் தியெனவா’ என்பதை ‘மேசைமேல் புத்தகம் இருக்கிறது’ என்று தமிழாக்கினால், திரும்பும்போது ‘பொத’ என்று எழுதிவிடுவீர்கள். தமிழில் ‘ஒரு’ தேவையில்லை என்று பட்டாலும் பயிற்சிக் கொப்பியில் எழுதியே வையுங்கள். அடுத்தது, பொருளுக்கு ‘தியெனவா’, ஆளுக்கும் விலங்குக்கும் ‘இன்னவா’. நம் பேச்சில் ‘புத்தகம் இருக்கு, ஆக்கள் இருக்கு’ என்று இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இங்கே அடிக்கடி சறுக்கும்.

இன்னொன்று. பத்திரிகைச் சிங்களமும் வாயால் பேசும் சிங்களமும் வேறு. ‘நான் போகிறேன்’ என்பது பேச்சில் ‘மம யனவா’, எழுத்தில் ‘மம யமி’. எழுத்து நடையில் வினை எழுவாய்க்கு ஏற்ப மாறும். பேச்சில் அப்படி மாறாது. நீங்கள் படிக்கும் செய்தியை வைத்து அலுவலகத்தில் பேசினால் கேட்பவர் சிரிப்பார். வாய்மொழிப் பகுதிக்குப் பேச்சு நடையில் எழுதிய உரையாடல்களை எடுத்து இதே முறையைச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே கொப்பியில் கலக்க வேண்டாம்.

கேள்வி: ஏ லெவல் வரை ஆங்கில மொழி மூலம் படித்தவன். ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுவதா, வீட்டில் பேசும் தமிழில் எழுதுவதா?
வாசகர், தெஹிவளை

தமிழில். சந்தேகமே வேண்டாம்.

‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியில் ‘கினோ கத்தா ஹொன்’. சொல்லுக்குச் சொல் நேற்று, வாங்கிய, புத்தகம். கொரிய மொழியில் ‘ஒஜே சான் செக்’, அதே வரிசை. சிங்களத்தில் ‘ஈயே கத்த பொத’, அதே வரிசை. ஆங்கிலத்தில் மட்டும் புத்தகம் முன்னால் வந்து, நேற்று கடைசிக்குப் போகிறது. பெயரெச்சம், பின்னொட்டு, கடைசியில் வினை என்று தமிழின் கட்டுமானம் உங்களிடம் இருக்க, ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்துக்காக ஒருமுறை கவிழ்த்து, மறுபடி நிமிர்த்துவது தேவையில்லாத உழைப்பு. பாடப்புத்தக விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

தமிழ் இன்னொரு நன்மையும் செய்கிறது. ஜப்பானிய ‘இகிமஷ்தா’, கொரிய ‘கஸ்ஸொயோ’, பேச்சுச் சிங்கள ‘கியா’ மூன்றும் போனதைச் சொல்லும், போனது யார் என்று சொல்லாது. எழுவாயும் பெரும்பாலும் வசனத்தில் இராது. தமிழில் எழுதும்போது போனேனா, போனாளா, போனார்களா என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். அதற்காக முந்தைய வசனங்களைத் திரும்ப வாசிப்பீர்கள். வாசித்து விளங்குதல் என்பது அந்தத் தேடல்தான்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. ஜப்பானிய மொழியில் ‘வா’, ‘கா’ என்ற இரண்டு இடைச்சொற்களும் தமிழில் பெரும்பாலும் வெறும் எழுவாயாகவே முடியும். ‘வா’ வருமிடத்தில் நாம் பேசுவது எதைப் பற்றி என்பது நிற்கிறது. ‘கா’ வருமிடத்தில் அதைச் செய்தது யார், எது என்பது நிற்கிறது. உங்கள் தமிழாக்கத்தில் ‘கா’ வந்த பெயருக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘வா’ போட்டுவிடுவீர்கள். செயப்படுபொருளும் அப்படியே. நாம் ‘பாண் சாப்பிடுகிறேன்’ என்று ஐ உருபை விட்டுவிடுவோம். எழுத்து ஜப்பானிய மொழியில் ‘பான் ஓ தபேமஸ்’. அந்த ‘ஓ’ வேண்டும். (பாணும் பானும் ஒரே போர்த்துக்கேய அடுப்பிலிருந்து வந்தவைதான்.)

கேள்வி: கொரியாவுக்கு வேலைக்குப் போகும் பரீட்சைக்குப் படிக்கிறேன். கைத்தொலைபேசிக் கமராவைப் பக்கத்தின் மேல் பிடித்தால் தமிழ் வந்துவிடுகிறது. எல்லாம் விளங்குகிறது, மறுநாள் ஒன்றும் நினைவில்லை.
வாசகர், கொட்டாஞ்சேனை

உங்களுக்கு விளங்குவது தமிழ். கொரிய எழுத்தைக் கண் ஒருமுறை கூடத் தொடவில்லை. கமரா அதை மறைத்துவிடுகிறது.

செயலியை எறிய வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதல் 15 நிமிடம் தொலைபேசி இல்லாமல் பத்தியைப் படித்து, விளங்கியதைத் தமிழில் எழுதுங்கள். விளங்காத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அதன் பிறகு செயலியின் தமிழை எடுத்து உங்கள் தமிழோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்படும் வசனங்களை மட்டும் அகராதியில் தேடுங்கள். பத்து வசனத்தில் மூன்று முரண்பட்டால் அன்றைய பாடம் அந்த மூன்றுதான்.

முரண்படும் இடத்தில் செயலியே தவறாகவும் இருக்கலாம். கொரிய மொழிக்கும் தமிழுக்கும் இடையே இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே போய்வருகின்றன. வழியில் மரியாதை உதிர்ந்துவிடும். ‘ஹம்னிதா’ என்று முடிவது முறையான பேச்சு, ‘ஹேயோ’ சாதாரண மரியாதை, ‘ஹே’ நெருங்கியவரிடம் மட்டும். ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றாகி, தமிழுக்கு வரும்போது நீ, நீங்கள் என்பது குருட்டாம்போக்கில் விழும். தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் ‘ஹே’ போட்டுப் பேசினால் என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எழுவாய் இல்லாத வசனத்துக்குச் செயலி தானாக ‘அவன்’ போடுவதும் இப்படித்தான்.

அறிவித்தல் பலகைகளை மொழிபெயர்த்துப் படிக்கவே வேண்டாம். ‘சுரிப் கும்ஜி’ என்றால் உட்செல்லத் தடை. படத்தோடு அப்படியே மனதில் பதியுங்கள். ‘கும்ஜி’ என்று முடிந்தால் ஏதோ தடை என்பது அதன் பிறகு தானாக வரும். உங்கள் பரீட்சை வாசிப்பும் கேட்டலும் என்பதால், மூலத்துக்குத் திரும்பி எழுதும் வேலையைக் குறைத்து, ஒப்பிட்டு முடிந்த பத்தியின் ஒலிப்பதிவைப் பக்கத்தைப் பார்க்காமல் மூன்று தரம் கேளுங்கள்.

கேள்வி: சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் வேகமாகப் போகலாம் அல்லவா?
வாசகி, மட்டக்குளி

வேகமாகப் போய்த் தவறான இடத்தில் நிற்கலாம். ‘கந்த’ என்று எழுதுகிறீர்கள். ந் முழுதாக ஒலித்தால் மலை. பாதியாக ஒலித்தால் மரத்தின் தண்டு. சிங்களத்தில் இரண்டுக்கும் வேறு எழுத்து, தமிழில் ஒன்றுதான். ப, க, த, ட எல்லாவற்றிலும் வல்லொலியும் மெல்லொலியும் இப்படிக் கலந்துவிடும்: ‘பல’ பார்ப்பதா, பழமா? முதலில் எழுத்தைப் படியுங்கள். எழுத்து கைவரும் வரை மொழிபெயர்ப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டு மொழியிலும் ஒரே விசயம் உள்ள வாசிப்பு எங்கே கிடைக்கும்? புத்தகக் கடைகளில் விலை கட்டுப்படியாகவில்லை.
வாசகர், கொழும்பு 13

சிங்களத்துக்கு என்றால் இந்த நகரத்தில் காசே செலவழிக்க வேண்டியதில்லை. வர்த்தமானி, சட்டமூலங்கள், அரச படிவங்கள் எல்லாம் மும்மொழியில் வெளியாகின்றன, இணையத்தில் இலவசம். அரசியலமைப்பின் மொழிகள் பற்றிய நான்காம் அத்தியாயம் நல்ல தொடக்கம். உறுப்புரைகள் சிறியவை, எண் போட்டவை. எந்த வரிக்கு எந்த வரி என்று தேட வேண்டியதில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சேர்த்த வசனத்தையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். கலைச்சொற்களுக்கு இராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் உதவும்.

ஆனால் எது மூலம், எது பெயர்ப்பு என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அரச ஆவணங்களில் தமிழ் பெரும்பாலும் பெயர்ப்புப் பிரதி. சட்டமூலத்தின் கடைசி வாசகத்தைப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழக்கமாக இருக்கும். ஆகவே சிங்களத்தைப் படித்து நீங்களே தமிழாக்குங்கள், அச்சிட்ட தமிழை விடைத்தாளாக மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் தமிழ் அதைவிட நன்றாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மற்ற மொழிகளுக்கு மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டது, 30 உறுப்புரைகள், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் தளத்தில் 500க்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. தமிழும் கொரியனும், ஜப்பானியமும் ஜேர்மனும் அதில் அடக்கம். நடை கொஞ்சம் விறைப்பானது, முப்பதையும் செய்து முடிக்க வேண்டும் என்பதில்லை. இலகுவான கதைகளுக்குக் கொழும்பு பொது நூலகத்தையும், மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளையும் பாருங்கள். சிறுவர் கதையின் சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒரே கடையில் அகப்படுவது அதிர்ஷ்டம்தான். தனிச் சிங்களப் பிரதி கிடைத்தாலும் வாங்குங்கள்.

கேள்வி: ஜேர்மன் நாவல் ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கிறேன். வரிகள் பொருந்தவே இல்லை.
வாசகி, பம்பலப்பிட்டி

பொருந்தாது. நாவலை மொழிபெயர்ப்பவர் உங்களுக்குப் பாடம் நடத்துவதில்லை. வசனத்தை உடைப்பார், சேர்ப்பார், முன்பின் மாற்றுவார். ஆகவே வரிக்கு வரி ஒப்பிடுவதை நிறுத்துங்கள். மூலம் உங்கள் தரத்துக்கு மேலே இருந்தால் மொழிபெயர்ப்பில் ஓர் அத்தியாயத்தை முன்கூட்டியே வாசித்துவிட்டு, அதை மூடிவைத்து ஜேர்மனில் அதே அத்தியாயத்தை வாசிக்கலாம். கதை தெரிந்திருப்பதால் கவனம் சொல்லிலும் விகுதியிலும் நிற்கும். திரும்பி எழுதும் பயிற்சிக்கு நாவல் வேண்டாம், தரப்படுத்திய சிறு வாசிப்பு நூலே போதும்.

சொல்லுக்குச் சொல் அகராதி பார்ப்பவரை ஜேர்மன் ஏமாற்றும். ‘இஷ் ரூஃபே டிஷ் மோர்கன் அன்’. இதில் ‘ரூஃபே’யை மட்டும் தேடினால் கூப்பிடுதல் என்று வரும். வசனத்தின் கடைசியில் நிற்கும் ‘அன்’ அதே வினையின் பிரிந்த முன்பகுதி. இரண்டும் சேர்ந்தால்தான் ‘நாளை உனக்குத் தொலைபேசி எடுப்பேன்’. எனவே வினையைத் தேடும்முன் வசனத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். பெயருக்கு ‘டெர், டீ, டாஸ்’ என்ற பால் இருப்பது இன்னொரு பள்ளம். மேசை ஆண்பால், விளக்குப் பெண்பால், புத்தகம் அலிப்பால். தமிழில் மூன்றும் அஃறிணை, தமிழாக்கத்தில் அடையாளமே இராது. மூன்று நிறப் பேனை வைத்துக்கொண்டு, தமிழில் எழுதும்போதே பெயர்ச்சொல்லை அதன் பாலுக்குரிய நிறத்தில் எழுதுங்கள். பரீட்சை கிட்டும்போது நிறத்தை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள்.

கேள்வி: இந்த மொழிபெயர்ப்பை எப்போது நிறுத்துவது?
பலர்

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ஒப்பிடும்போது மேலே சொன்ன மூன்றாம் வகை வேறுபாடுகள் மட்டுமே தொடர்ந்து வந்தால், அந்தத் தரத்துப் பத்திகளில் இனி எழுதிப் படிக்க ஒன்றுமில்லை. மூன்று பத்தி வாசித்து ஒன்றை மட்டும் எழுதுங்கள், பிறகு ஐந்துக்கு ஒன்று. கடினமான நூலுக்கு ஏறும்போது மறுபடி ஒன்றுக்கு ஒன்று. பேச்சுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். கொப்பியில் யோசிக்க அரை நிமிடம் கிடைக்கிறது, பஸ் நடத்துனர் அரை நிமிடம் தரமாட்டார்.